மீன் தொட்டிக்கு எது ‘நல்ல தண்ணி’?

ஞாயிற்றுக்கிழமை மாலை. கடையிலிருந்து ஒரு இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, ஒரு ஃபில்டர், வண்ணக் கல் இரண்டு பை, கூடவே பாலித்தீன் பையில் பத்து மீன். வீட்டுக்கு வந்ததும் தொட்டியைக் கழுவி, குழாயைத் திறந்து நிரப்பி, ராத்திரி எட்டு மணிக்குள் மீன்களை விட்டாச்சு. பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்தாச்சு. புதன்கிழமை ஒரு மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் நான்கு போச்சு. அடுத்த வாரம் மிச்சமும் போச்சு. கடையில் போய்க் கேட்டால், “தண்ணி சரியில்ல சார், வேற மீன் எடுத்துட்டுப் போங்க” என்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது, அதுவும் இரண்டு முறை. தொட்டித் தண்ணீர் துளி கலங்கல் இல்லாமல் இருந்தது. அதே தண்ணீரைத்தான் நாங்களும் குடித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் எப்படி ‘சரியில்ல’? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால் உங்கள் காசும் மிச்சம், பிள்ளைகளின் கண்ணீரும் மிச்சம், மீன்களும் பிழைக்கும்.

நமக்கு நல்லது, மீனுக்கு ஆகாது

முதலில் குளோரின். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500), குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லி கிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. வழியில் கிருமி சேராமல் காப்பது அதுதான். ஆனால் நாம் தண்ணீரை வயிற்றுக்குள் அனுப்புகிறோம். மீனோ அதைச் செவுள் வழியாக இழுத்து மூச்சு விடுகிறது. அந்த மெல்லிய செவுளைப் புண்ணாக்க இவ்வளவு குளோரினே போதும்.

இதற்குத் தீர்வு சுலபம். அகலமான வாளியிலோ டிரம்மிலோ தண்ணீரைப் பிடித்து, ஒன்று இரண்டு நாள் திறந்து வையுங்கள். ஏர் பம்ப் ஓடவிட்டால் இன்னும் நல்லது. கொசு முட்டையிடாதபடி மேலே மெல்லிய துணி கட்டிவிடுங்கள். அவசரம் என்றால் கடைகளில் ‘ஆன்ட்டி குளோரின்’ என்று கிடைக்கும். பாட்டிலில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளிலும் அதற்கு அடுத்த ஓரிரு நாளிலும் தொட்டித் தண்ணீரை மாற்றாதீர்கள். நோட்டீஸ் போர்டில் போட்டிருப்பார்கள், அல்லது குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும்.

கண்ணுக்குத் தெரியாத ஆள்

குளோரின் இல்லாத தண்ணீரில் விட்டும் மீன் செத்தது என்றால் காரணம் அநேகமாக அம்மோனியா. மீன் கழிவும், தின்னாமல் விட்ட தீவனமும், அழுகிய இலையும் அம்மோனியாவாக மாறும். அதைவிட முக்கியமாக, மீன் தன் செவுள் வழியாகவே நாள் முழுக்க அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஏரியில் இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி 56 லிட்டர்; கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போனால் 45 லிட்டர்தான் தேறும். ஏரி நீரில் கரைந்து காணாமல் போயிருக்கும் விஷம் இங்கே நான்கே நாளில் சேர்ந்துவிடும். அதற்கு நிறம் இல்லை. மீனைக் கொல்லும் அளவிலும் மூக்குக்கு வாசனை தெரியாது. அதனால்தான் தெளிவான தண்ணீரிலேயே மீன் மிதக்கிறது.

அப்படியானால் கடைத் தொட்டியில் மட்டும் எப்படி உயிரோடு இருந்தது? அங்கே பழைய ஃபில்டர் ஓடுகிறது. அதன் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒருவகை பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், அது மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாது. இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். உங்கள் புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இல்லை. அவை வந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் கொடியது அல்ல. அதில் ஒரு பங்குதான் செவுளைத் தாக்கும் வடிவில் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 ஆக இருந்தால் அந்தப் பங்கு 100-க்கு 1 கூட இல்லை, சுமார் 0.6 சதவீதம்தான். பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். சென்னையில் மே மாதம், பிஎச் 8-ஐ ஒட்டிய போர்த் தண்ணி, புதுத் தொட்டி, பத்து மீன் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மீன் இல்லாத மீன் தொட்டி

ஆகவே முதல் மாதம் தொட்டியில் மீனே வேண்டாம். பிள்ளைகளுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். தோசை மாவு புளிப்பதற்கு நேரம் கொடுக்கிறோமே, அதுபோல் என்று சொல்லிப் பாருங்கள். உண்மையில் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகுகிற வேலைதான்.

தொட்டியை நிரப்பி, குளோரின் நீக்கி, ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அலங்காரப் பொம்மைக்குச் செலவழிக்கும் காசை இதில் போடலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து, குழாயையும் வண்ண அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையும் ஒன்றுபோல் தெரிந்து ஏமாற்றும்.

முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். கடைசியில் தீவனம் போட்டுக்கொண்டே இருந்தும் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரியும். தொட்டி தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். தண்ணீரை ஒரு பாதி மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நோய் இல்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், அவருடைய பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். மாவுக்குப் பழைய மாவு ஒரு கரண்டி கலப்பது மாதிரிதான். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சில வேலை செய்யும், சில செய்யாது. பாட்டில் என்ன சொல்கிறது என்பதைவிட டெஸ்ட் கிட் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பாக்டீரியா வந்தபிறகு அதைக் காப்பாற்ற வேண்டும். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, மாதம் ஒருமுறை மீனை வாளியில் பிடித்துப் போட்டு, தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் பளபளவென்று தேய்த்துக் கழுவுவது. அத்தோடு தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். மிச்சத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள். அதில் இருக்கும் நைட்ரேட் செடிக்கு உரம்.

உங்கள் வீட்டுத் தண்ணியை அறிந்துகொள்ளுங்கள்

‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று நாம் நாக்கால் பிரிக்கிறோம். மீன் வாங்கும் முன் இதைக் கொஞ்சம் எண்ணால் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. பொதுமக்களும் கட்டணம் கட்டித் தங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். குடிப்பதற்கு ஏற்றதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. ஆனால் அறிக்கையில் வரும் மூன்று எண்கள் மீன் வளர்ப்பவருக்கும் உதவும்: பிஎச், மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை. அறிக்கையை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மீன் கடையில் நின்று யோசிக்கும்போது கைகொடுக்கும்.

பரிசோதனைக்குப் போக நேரமில்லையா? குழாய் வாயில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காமல் திரிவது, ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்புக் கட்டி, இவை இருந்தால் உங்களுடையது கடின நீர். போர்த் தண்ணியின் பிஎச்சை நீங்களே அளந்தால், பிடித்தவுடன் அளக்காதீர்கள். ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு அளந்தால்தான் உண்மையான எண் தெரியும். நிலத்தடியில் அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறியதும் பிஎச் ஏறும்.

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். கடின நீர் என்றதும் பயந்து கேன் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊற்றிவிடுகிறார்கள். அதில் தாது உப்புகள் மிகக் குறைவு. பிஎச்சைத் தாங்கிப் பிடிப்பது காரத்தன்மைதான். ஃபில்டர் பாக்டீரியாவும் அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அது தீர்ந்தால் பிஎச் சடாரென்று விழும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். ஆர்.ஓ. தண்ணீரைத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள். வேண்டுமானால் வீட்டுத் தண்ணீரோடு கலக்கலாம். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம் என்பேன். தண்ணீரை மீனுக்கு ஏற்ப மாற்றப் போராடுவதைவிட, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது லேசு.

எந்தத் தண்ணிக்கு எந்த மீன்?

உங்களுடையது கடினமான போர்த் தண்ணியா? கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் அதில் சந்தோஷமாக இருக்கும். மென்மையான சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் நியான் டெட்ரா போன்றவை நன்றாக வரும். அங்கே மோலிதான் சோர்ந்து போகும். ஜீப்ரா டேனியோ இரண்டுக்கும் நடுவில் எதையும் சமாளிக்கும்; அது நம் துணைக்கண்டத்து ஆறுகளின் மீனே. டிஸ்கஸ் முதல் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

சென்னை கொளத்தூரில் வரிசையாக இருக்கும் வண்ண மீன் கடைகளுக்குப் போனால் கண் அலைபாயும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இது எவ்வளவு பெருசா வளரும்?” விரல் நீளத்தில் விற்கும் ஆஸ்கர் ஓர் அடி வளரும். ஷார்க் என்ற பெயரில் விற்கப்படும் பங்காசியஸ் குஞ்சு உணவுக்காகக் குளங்களில் வளர்க்கும் மீன். ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. ‘கிளீனர்’ என்று சும்மா சேர்த்துக் கொடுக்கும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை போகும்; அது தொட்டியைச் சுத்தம் செய்வதைவிடப் போடும் கழிவுதான் அதிகம். கோல்டுஃபிஷ்ஷை உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பது சினிமாவில் அழகு. ஆனால் அது ஒரு கை நீளம் வளர்கிற, நிறையக் கழிவு போடுகிற மீன். இரண்டடித் தொட்டியே அதற்கு நெருக்கடி.

அந்த 45 லிட்டர் தொட்டிக்கு நான் சொல்வது: முதலில் ஐந்து அல்லது ஆறு ஆண் கப்பிகள். ஆண் மட்டும் ஏன் என்றால், ஒரு பெண் கப்பி மாதத்துக்கு ஒருமுறை இருபது முப்பது குஞ்சு போடும்; பக்கத்தில் ஆண் இல்லாவிட்டாலும் பல மாதங்கள் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்திலேயே இருந்தால், ஆறு ஜீப்ரா டேனியோ. அவ்வளவுதான், அந்தத் தொட்டி நிறைந்துவிட்டது. டேனியோவும் டெட்ராவும் கூட்டமாக வாழ்பவை. ஒன்றிரண்டு வாங்கினால் பயந்து ஒளிந்தே கிடக்கும். டைகர் பார்பை நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், ஃபைட்டரோடு சேர்க்காதீர்கள், கடித்துக் கிழித்துவிடும். ஏஞ்சல் வளர்ந்தபின் நியான் டெட்ராவை விழுங்கும். ஃபைட்டரில் ஆண் ஒன்றே ஒன்றுதான்.

ஹீட்டரை நம் ஊரில் பெரும்பாலும் வாங்கத் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல் வேறு விஷயம். இங்கே கவலை எதிர்ப்பக்கம். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். கோடையில் மீன் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். கரண்ட் போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால்

முதலில் தீவனத்தை நிறுத்துங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கிய, ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும் தண்ணீரால் மாற்றுங்கள். ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள். பிறகு டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியா தெரிந்தால் அது பூஜ்யம் ஆகும்வரை தினமும் தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். நைட்ரைட் தெரிந்தால், கப்பி, மோலி தொட்டியில் லிட்டருக்கு 1 கிராம் வீதம் அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். என்ன நோய் என்றே தெரியாமல் நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது ஃபில்டர் பாக்டீரியாவையும் பதம் பார்த்துவிடும்.

வளர்க்க முடியவில்லையா? ஏரியில் விடாதீர்கள்

மீன் பெரிதாகிவிட்டது, வீடு மாறுகிறோம், பாவம் எங்கேயாவது பிழைக்கட்டும் என்று ஏரியிலும் கோயில் குளத்திலும் விட்டுவிடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அப்படிப் போன சக்கர் மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அது, கரையில் வளை தோண்டுகிறது. உடம்பில் உள்ள முள்ளால் மீனவர் வலையைக் கிழிக்கிறது. வலையில் வந்தாலும் வாங்க ஆளில்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். வாங்கும்போதே ‘வளர்ந்தா திருப்பி எடுத்துப்பீங்களா?’ என்று கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சரி, நாற்பது நாள் ஆகிவிட்டது, அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். மாலையில் ஆறு கப்பியோடு வீட்டுக்கு வருகிறீர்கள். தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகட்டும். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். நான்கைந்து முறை ஆனதும் வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள். அன்றைக்குத் தீவனம் வேண்டாம். விளக்கைக் காலையில் போட்டுக்கொள்ளலாம். மறுநாளிலிருந்து, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். தீவன டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது முறையும் மீன் போகப் பார்த்தது அதனால்தான்.